இந்தியாவில் உளவியலாளராகத் தொழில் செய்ய: எந்தப் பதிவு வேண்டும், யாருக்கு விலக்கு, எதை முதலில் செய்வது

எம்.எஸ்சி உளவியல் முடித்த கையோடு வருகிறவர்கள் என்னிடம் பெரும்பாலும் கேட்பது, "அக்கா, நான் இப்போ கிளினிக் போடலாமா?" என்றுதான். நல்ல கேள்வி, ஆனால் இதைப் படிப்பில் சேர்வதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடமும் வீட்டுச் சேமிப்பும் கரைந்த பிறகு "உங்கள் படிப்புக்குப் பதிவு தர முடியாது" என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் படிப்பில் குறைந்தவர்கள் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இதை வரிசையாகவே எழுதுகிறேன். நடுவில் இருக்கும் ஒரு படியை மட்டும் படித்துவிட்டு ஓடாதீர்கள், ஏனென்றால் முதல் இரண்டு படிகளில் எடுக்கும் முடிவுதான் மீதி எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

1. எந்த வேலை செய்யப்போகிறீர்கள் என்று முதலில் எழுதி வையுங்கள்

"உளவியலாளர் ஆகணும்" என்பது போதாது. பட்டத்தின் பெயரை எழுதாமல், தினமும் காலையிலிருந்து மாலை வரை கையால் செய்யப்போகும் வேலையை எழுதுங்கள்: மனநோய் உள்ளவர்களை மதிப்பிட்டுச் சிகிச்சை தருவதா, குழந்தைகளுக்கு ஐ.க்யூ சோதனை செய்து சான்றிதழுக்கான அறிக்கையில் கையெழுத்துப் போடுவதா, பள்ளியில் மாணவர்களோடு பேசுவதா, நிறுவனத்தில் ஆள் தேர்வுக்குச் சோதனை நடத்துவதா, கல்லூரியில் பாடம் எடுப்பதா?

இதை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நம் நாட்டில் எல்லா உளவியலாளருக்கும் சேர்த்து ஒரே லைசன்ஸ் என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு ஒரு போர்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தேர்வு என்று இருப்பதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படி ஒரு தேர்வு இருக்கும் என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர். இங்கே சட்டம் வேலையைப் பார்க்கிறது. முதல் இரண்டு வேலைகளுக்கும் பதிவு கட்டாயம், கடைசி இரண்டுக்கும் தேவையில்லை, பள்ளி ஆலோசகர் நடுவில் இருக்கிறார்.

2. உங்கள் வேலையை எந்தச் சட்டம் தொடுகிறது என்று பாருங்கள்

மூன்று சட்டங்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒருமுறையாவது நேரடியாகத் திறந்து படியுங்கள், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுருக்கத்தை நம்பாதீர்கள்.

முதலாவது, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். ஆர்.சி.ஐ என்று எல்லோரும் சொல்வது இந்தக் கவுன்சிலைத்தான். இந்தச் சட்டம் மறுவாழ்வுத் தொழில்முறையாளர்கள் என்று ஒரு பட்டியல் தருகிறது. அதில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் (மனநோயை மதிப்பிட்டுச் சிகிச்சை தரும் உளவியலாளர்) மறுவாழ்வு உளவியலாளரும் இருக்கிறார்கள், பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்பாசிரியரும்கூட அதே பட்டியலில்தான்.

இதன் 13-ஆம் பிரிவுதான் நமக்கு முக்கியம். அங்கீகரிக்கப்பட்ட தகுதியும் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரும் இல்லாதவர் நான்கு விஷயங்களைச் செய்யக்கூடாது என்கிறது: அரசு அல்லது உள்ளாட்சி நிறுவனங்களில் அந்தப் பதவி வகிப்பது, இந்தியாவில் எங்கேயும் அந்தத் தொழிலைச் செய்வது, சட்டப்படி அந்தத் தொழிலில் உள்ளவர் கையெழுத்திட வேண்டிய சான்றிதழில் கையெழுத்திடுவது, நீதிமன்றத்தில் நிபுணராகச் சாட்சி சொல்வது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "வெறும் ஆயிரம் ரூபாய்தானே" என்று நினைக்கிறவர்கள் அதற்கு முன்னால் இருக்கும் சிறைத் தண்டனையைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யார் என்று இந்தச் சட்டமே வரையறுக்கிறது: ஆர்.சி.ஐ அங்கீகரித்த நிறுவனத்தில் கிளினிக்கல் உளவியலில் அங்கீகரிக்கப்பட்ட தகுதி பெற்றவர். அல்லது உளவியல், கிளினிக்கல் உளவியல், பயன்பாட்டு உளவியல் இவற்றில் ஒன்றில் முதுகலையும், அதன்மேல் மேற்பார்வையோடு கூடிய கிளினிக்கல் பயிற்சி உள்ள இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில்லும் முடித்தவர், அதுவும் யு.ஜி.சி (பல்கலைக்கழக மானியக் குழு) அங்கீகரித்த, ஆர்.சி.ஐ ஏற்ற இடத்தில். ஆக எந்த வாசல் வழியாகப் போனாலும் ஆர்.சி.ஐ-யைத் தாண்டிப் போக முடியாது.

மூன்றாவது, 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். இதன் அட்டவணையில் நடத்தைசார் சுகாதாரம் என்ற பிரிவின் கீழ் உளவியலாளர் வருகிறார், ஆர்.சி.ஐ-யின் கீழ் வரும் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டை மட்டும் விட்டுவிட்டு. சுகாதார ஆலோசகர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் எல்லோரும் இதில்தான். இந்தச் சட்டத்தின்கீழ் மாநிலப் பதிவேட்டைப் பராமரிக்கும் வேலை மாநிலக் கவுன்சில்களுடையது. "நான் கவுன்சலர்தான், என்னை எந்தச் சட்டமும் கேட்காது" என்று சொல்லிவந்தவர்கள் இந்த அட்டவணையை அவசியம் பார்க்க வேண்டும்.

3. விலக்கு யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை

தவறான தகவல் அதிகமாகச் சுற்றுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

மனநல மருத்துவருக்கு ஆர்.சி.ஐ பதிவு தேவையில்லை; அவர் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறார், அது தனி உரிமம். அதுபோக, ஆர்.சி.ஐ சட்டத்தில் 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு விலக்கைச் சேர்த்தது: உடல்சார் மருத்துவமும் மறுவாழ்வும், எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், மனநலம் ஆகிய துறைகளில் அரசு மருத்துவமனையிலோ அரசு நிதி பெறும், அறிவிக்கப்பட்ட அமைப்பிலோ வேலை பார்க்கும் மருத்துவரும் துணை மருத்துவப் பணியாளரும், மேலே சொன்ன அந்த நான்கு வேலைகளையும் செய்யலாம். இதைப் படித்துவிட்டு "அரசு மருத்துவமனையில் தன்னார்வலராக இருந்தால் எனக்கும் பொருந்தும்" என்று ஒரு பெண் நினைத்திருந்தார். பொருந்தாது. அது மருத்துவர்களுக்கும் துணை மருத்துவப் பணியாளர்களுக்கும், அந்தப் பணியிடத்துக்கும் உரியது.

சட்டம் வந்த நேரத்தில் ஏற்கெனவே தகுதியோடு இருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அது தொண்ணூறுகளிலேயே முடிந்துபோன கதை. "இருபது வருஷமா பண்றேன், எனக்கு எதுக்குப் பதிவு" என்பதற்கு இன்று சட்டத்தில் இடமில்லை.

பாடம் எடுப்பவர், ஆராய்ச்சி செய்பவர், நிறுவனங்களில் மனிதவளத் துறையில் உளவியல் சோதனை நடத்துபவர், வேலை வழிகாட்டி இவர்களெல்லாம் கிளினிக்கல் வேலை செய்யாதவரை ஆர்.சி.ஐ பதிவு இல்லாமலே வேலை பார்க்கலாம். "செய்யாதவரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பேராசிரியராக இருப்பவர் மாலையில் தனியாகப் பயனாளிகளைப் பார்த்து நோய் அறிதல் எழுதத் தொடங்கினால், அந்த மாலை வேலைக்குப் பேராசிரியர் பதவி காப்பாக வராது.

பயிற்சியில் இருக்கும் மாணவர் பயனாளிகளைப் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்துக்குள், வழிகாட்டியின் மேற்பார்வையில் மட்டும். அறிக்கைக்குப் பொறுப்பு வழிகாட்டியுடையது, அவர் கையெழுத்து இல்லாமல் அது வெளியே போகக்கூடாது. படிக்கும்போதே பக்கத்தில் ஒரு அறை எடுத்து "சும்மா பிராக்டிஸுக்காக" ஆட்களைப் பார்ப்பது பயிற்சிக் கணக்கில் சேராது.

விலக்கே இல்லாதவையும் இருக்கின்றன, இவற்றைத்தான் நிறையப் பேர் விலக்கு என்று நம்புகிறார்கள். உளவியலில் பி.எச்டி: ஆராய்ச்சிப் பட்டம், பதிவுக்குரிய கிளினிக்கல் பயிற்சி அதில் இல்லை. ஏதோ ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டை: சங்கம் வேறு, சட்டபூர்வக் கவுன்சில் வேறு. வார இறுதி ஹிப்னோதெரபி சான்றிதழ்: அதை வைத்து எந்தப் பதிவேட்டிலும் ஏற முடியாது. வெளிநாட்டு லைசன்ஸ்: தானாகச் செல்லாது, வெளிநாட்டுத் தகுதிகளை ஏற்பது எப்படி என்று ஆர்.சி.ஐ சட்டத்தின் 12-ஆம் பிரிவு தனியாகச் சொல்கிறது, அதனால் லண்டனிலோ மெல்பர்னிலோ சேர்வதற்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதிக் கேட்டுப் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. பணம் கட்டுவதற்கு முன் கல்லூரியின் அங்கீகாரத்தைச் சரிபாருங்கள்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்திருந்தால் என்னிடம் அழுதுகொண்டு வந்தவர்களில் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள்.

பார்க்க வேண்டியது நான்கு விஷயம். படிப்பு ஆர்.சி.ஐ பட்டியலில் இருக்கிறதா. அந்தக் குறிப்பிட்ட கல்லூரிக்கு, அந்தக் குறிப்பிட்ட வளாகத்துக்கு, அந்தப் படிப்பை நடத்த அனுமதி இருக்கிறதா. நீங்கள் சேரும் கல்வியாண்டு அந்த அனுமதிக் காலத்துக்குள் வருகிறதா. அனுமதித்த இடங்கள் எத்தனை.

கடைசிக் கேள்வி ஏன்? அனுமதி பெற்ற எண்ணிக்கைக்கு மேல் சேர்க்கப்பட்ட மாணவர், பட்டம் வாங்கினாலும் பதிவில் சிக்குவார். கல்லூரி சொல்லும் "அப்ரூவல் வந்துடும் தம்பி, புராசஸ்ல இருக்கு" என்ற வார்த்தைக்கு மதிப்பு கொடுக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள், ஆர்.சி.ஐ இணையதளத்தில் இருக்கும் நிறுவனப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், அன்றைய தேதியோடு அந்தப் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். நகல் தர மறுக்கும் கல்லூரியில் சேர வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

இன்னொன்று, பட்டத்தின் பெயரில் "கிளினிக்கல்" என்று இருப்பதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல்கலைக்கழகங்கள் தங்கள் பாடத்திட்டப்படி எம்.எஸ்சி கிளினிக்கல் சைக்காலஜி என்று பட்டம் தரலாம், யு.ஜி.சி அதை ஏற்கலாம், அது செல்லுபடியாகும் பட்டமாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பாடத்திட்டம் ஆர்.சி.ஐ-யுடையது இல்லையென்றால் அதை வைத்துப் பதிவு செய்ய முடியாது.

தொலைதூரக் கல்வியிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2021 சட்டத்தின்கீழ் வரும் சுகாதாரப் படிப்புகளை, உளவியலையும் சேர்த்து, தொலைதூர முறையிலோ ஆன்லைனிலோ நடத்தக்கூடாது என்று 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து யு.ஜி.சி நிறுத்திவிட்டது. இன்னும் யாராவது "ஆன்லைன் எம்.எஸ்சி உளவியல், அட்மிஷன் ஓப்பன்" என்று அழைத்தால் எந்தச் சேர்க்கைக்கு என்று கேளுங்கள்.

5. தகுதிப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

இதுவரை எல்லோரும் போன பெரிய பாதை: இளங்கலை, உளவியலில் முதுகலை, பிறகு இரண்டாண்டு எம்.ஃபில் கிளினிக்கல் சைக்காலஜி. எம்.ஃபில்லில் சேர முதுகலையில் குறைந்தது 55 சதவீதம் கேட்பார்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50. முதுகலையில் 54 வாங்கி நின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதுகலையின் முதல் செமஸ்டரிலிருந்தே இந்த எண் மனதில் இருக்கட்டும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ், ராஞ்சி மத்திய மனநல நிறுவனம், நம் ஊரில் முட்டுக்காட்டில் இருக்கும் பன்முக ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்கள் இந்தப் படிப்புக்குப் பெயர் பெற்றவை. இடங்கள் மிகக் குறைவு, நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு.

இந்தப் பாதை இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. புதிய கல்விக் கொள்கையை ஒட்டி 2022-இல் யு.ஜி.சி எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்தியது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு தந்தது. ஏற்கெனவே முறைப்படி வாங்கிய எம்.ஃபில் செல்லும், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த ஆண்டைத் தாண்டிய சேர்க்கைக்கு எம்.ஃபில் என்று யாராவது விளம்பரம் செய்தால், அதற்கான யு.ஜி.சி உத்தரவையும் ஆர்.சி.ஐ கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

எம்.ஃபில்லின் இடத்தை நிரப்ப ஆர்.சி.ஐ புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது: பி.எஸ்சி ஹானர்ஸ் கிளினிக்கல் சைக்காலஜி, எம்.ஏ கிளினிக்கல் சைக்காலஜி, சை.டி என்ற முனைவர் நிலைத் தொழிற்பட்டம். மூன்றும் ஒரே தகுதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் அதை முடித்தவர் எந்தப் பெயரில் பதிவு பெறுவார், தனியாக வேலை செய்யலாமா அல்லது மேற்பார்வையில் செய்ய வேண்டுமா என்று எழுதியிருக்கும். கல்லூரி விளம்பரத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும், அந்தப் பாடத்திட்ட ஆவணத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழியுங்கள்.

முதுகலைக்குப் பிறகு ஓராண்டில் முடிக்கும் மறுவாழ்வு உளவியல் முதுநிலை டிப்ளமோ இன்னொரு பாதை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், சிறப்புப் பள்ளிகள், மதிப்பீட்டு மையங்கள் என்று வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிக நல்ல படிப்பு, ஆர்.சி.ஐ பதிவும் கிடைக்கும். ஆனால் பதிவு மறுவாழ்வு உளவியலாளர் என்ற பெயரில்தான் கிடைக்கும். அதை வைத்து பலகையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று எழுதக்கூடாது. இது சின்ன விஷயம் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள், புகார் வரும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

படிக்கும் காலத்தில் ஒரு விஷயம். எம்.ஃபில் பாடத்திட்டத்தில் முதல் ஆண்டு ஐந்து முழு உளநோய் மதிப்பீட்டு அறிக்கைகளும், இரண்டாம் ஆண்டு முழுமையாக நடத்திய ஐந்து சிகிச்சைப் பதிவுகளும், ஆய்வேடும் சமர்ப்பிக்க வேண்டும். கடைசி இரண்டு மாதத்தில் இதை முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் திணறுகிறார்கள், ஏனென்றால் ஒரு சிகிச்சை முடிய மாதக்கணக்கில் ஆகும், பாதியில் பயனாளி வராமலும் போவார். முதல் வாரத்திலிருந்தே தேதி, நேரம், மேற்பார்வையாளர் கையெழுத்து என்று நோட்டு போடுங்கள்.

6. எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கட்டும்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு என்றே இந்தப் படி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கவிதா எஸ்", ஆதாரில் "கவிதா சுப்பிரமணியன்", பட்டத்தில் "எஸ். கவிதா", கல்யாணத்துக்குப் பிறகு பான் அட்டையில் கணவர் பெயர். நமக்கு இது எல்லாம் ஒரே ஆள்தான். டெல்லியில் உட்கார்ந்து கோப்பைப் பார்ப்பவருக்கு இது நான்கு பேர்.

சேர்க்கையின்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதை அப்படியே கொடுங்கள், பிறகு ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். பெயரையே மாற்றியிருந்தால் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். கல்லூரி ஆர்.சி.ஐ-க்கு அனுப்பும் மாணவர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த எழுத்தில் போயிருக்கிறது என்று படிப்பின் முதல் மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். படிப்பு முடிந்த பிறகு இந்தத் திருத்தத்துக்குக் கல்லூரி அலுவலகம், பல்கலைக்கழகம், கவுன்சில் என்று மூன்று இடம் அலைய வேண்டிவரும்.

7. மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள்

சி.ஆர்.ஆர் என்று சொல்வது இதைத்தான். விண்ணப்பம் ஆர்.சி.ஐ இணையதளம் வழியாக. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை: பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், எல்லாப் பட்டங்களின் மதிப்பெண் பட்டியல்கள், தகுதிப் படிப்பின் பட்டம் அல்லது தற்காலிகச் சான்றிதழ், அடையாள ஆவணம், புகைப்படம், கையெழுத்து.

மூலச் சான்றிதழைத் தெளிவாக ஸ்கேன் செய்யுங்கள். ஃபோனில் சாய்வாக எடுத்த படம், முத்திரை தெரியாத நகல், ஒரு செமஸ்டர் மதிப்பெண் பட்டியல் விடுபட்டது, இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் நிற்கின்றன. நின்றுவிட்ட விண்ணப்பத்தை யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள், நீங்களே உள்ளே போய் நிலையைப் பார்க்க வேண்டும், மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து.

தேர்வு முடிவு வந்தவுடனேயே விண்ணப்பித்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், வேலை தருபவர் முதல் நாளே சி.ஆர்.ஆர் எண் கேட்பார்.

"விண்ணப்பித்துவிட்டேன்" என்பதும் "பதிவு பெற்றேன்" என்பதும் வேறு வேறு. எண் வரும்வரை உங்கள் சொந்தக் கையெழுத்தில் அறிக்கை கொடுக்காதீர்கள், பதிவு பெற்ற ஒருவரின் கீழ் வேலை பாருங்கள். எண் வந்தவுடன் பெயர், தகுதி, பிரிவு மூன்றும் சரியா என்று பாருங்கள். தவறான பிரிவில் பதிவாகியிருந்தால் அன்றே திருத்தம் கேளுங்கள். இந்தப் பதிவு இந்தியா முழுக்கச் செல்லும், சென்னையிலிருந்து புனேவுக்கு மாறினால் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

8. மாநில மனநல ஆணையத்திலும் பதிவு செய்யுங்கள்

ஆர்.சி.ஐ எண் வந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நிறுத்திவிடுகிறார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, மாநிலத்தில் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கள், மனநலச் செவிலியர்கள், மனநலச் சமூகப் பணியாளர்கள் ஆகியோரைப் பதிவு செய்து பட்டியல் வெளியிடும் வேலையை மாநில ஆணையத்துக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் மனநலத் தொழில்முறையாளர் ஆவது இந்தப் பதிவால்தான். இது மாநில அளவிலான பதிவு, அதனால் மாநிலம் மாறினால் அங்கே மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்த குழப்பம், கிளினிக்கையும் பதிவு செய்ய வேண்டுமா என்பது. சட்டம் மனநல நிறுவனம் என்று சொல்வது மனநோய் உள்ளவர்களைச் சேர்த்து, தங்கவைத்துப் பராமரிக்கும் இடத்தை. ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போகும் வெளிநோயாளி அறை அதில் வராது. ஆனால் இரண்டு கட்டில் போட்டு ஒரே ஒருவரைத் தங்கவைத்தாலும் கணக்கு மாறிவிடும். பதிவில்லாமல் அப்படி ஓர் இடம் நடத்தினால் முதல்முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அடுத்த முறை 2 லட்சம் வரை, அதன்பின் 5 லட்சம் வரை.

நீங்கள் உரிமையாளர் இல்லை, வேலைக்கு மட்டும் போகிறீர்கள் என்றாலும் தப்ப முடியாது: பதிவில்லாத இடம் என்று தெரிந்தே அங்கே மனநலத் தொழில்முறையாளராக வேலை பார்ப்பவருக்கு 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. போதை மறுவாழ்வு இல்லங்களில் முதல் வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இதைக் கேட்டே ஆக வேண்டும். நேர்காணலில் சம்பளம் கேட்பதற்கு முன் பதிவுச் சான்றிதழை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

9. தொழில் தொடங்கும்போது எல்லை தாண்டாதீர்கள்

பலகையிலும் லெட்டர்ஹெட்டிலும் பெயர், பதிவுக்குரிய தகுதி, பதிவான பிரிவு, சி.ஆர்.ஆர் எண். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

மருந்து எழுதாதீர்கள், வாய்மொழியாகவும் சொல்லாதீர்கள். "அந்த மாத்திரையைப் பாதியாகக் குறைங்க" என்பதும் மருந்து எழுதுவதுதான். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, தன் தொழில் துறை அனுமதிக்காத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக்கூடாது என்று நேராகவே சொல்கிறது. பக்கத்தில் ஒரு மனநல மருத்துவரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்வதை முதல் பயனாளி வருவதற்கு முன்பே செய்யுங்கள், நெருக்கடி வந்த பிறகு எண் தேடக்கூடாது.

சான்றிதழுக்கான அறிக்கைகளில் தனிக் கவனம் வேண்டும். அறிவுசார் குறைபாட்டுக்கான அரசு வழிகாட்டுதல்கள் ஐ.க்யூ சோதனையோடு வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலையும் கேட்கின்றன, கற்றல் குறைபாட்டுக்கு நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பைச் சொல்கின்றன. நீங்கள் தருவது மதிப்பீட்டு அறிக்கை. ஊனச் சான்றிதழ் தருவது அதற்கென நியமிக்கப்பட்ட அரசு மருத்துவக் குழு. "சார், நீங்களே சர்டிஃபிகேட் போட்டுக் கொடுத்துடுங்க" என்று பெற்றோர் கெஞ்சுவார்கள். அவர்கள் அலைச்சல் புரிகிறது, ஆனால் உங்கள் தாளை எந்த அலுவலகமும் ஏற்காது, குழந்தைக்கு ஒரு தேர்வுச் சலுகை தள்ளிப்போவதுதான் மிச்சம். அந்த நேரத்தில் எந்த மருத்துவமனைக்கு, எந்த நாளில், என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஆர்.சி.ஐ பதிவு தேவைப்படாத கவுன்சலராக இருப்பவர்களுக்கும் இந்தப் படியில் ஒரு வேலை உண்டு. உங்கள் அறிமுக அட்டையில் நோய்களின் பெயர்களை வரிசையாக எழுதி "சிகிச்சை அளிக்கப்படும்" என்று போடாதீர்கள். படிப்பு, பயிற்சி நேரம், மேற்பார்வை பெற்ற விவரம், வேலை பார்த்த இடங்களின் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள், 2021 சட்டத்தின்கீழ் மாநிலக் கவுன்சில் கேட்கும்போது பழைய நிறுவனங்களைத் தேடிக்கொண்டு போக முடியாது.

10. புதுப்பித்தல் தேதியை இன்றே குறித்து வையுங்கள்

சி.ஆர்.ஆர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. அதற்குத் தொடர் கல்விப் புள்ளிகள் வேண்டும், ஆர்.சி.ஐ அங்கீகரித்த பயிலரங்குகள், கருத்தரங்குகள் வழியாக. எந்த நிகழ்ச்சிக்கும் பணம் கட்டும் முன் புள்ளி உண்டா, எத்தனை என்று கேளுங்கள், ஏனென்றால் பிரமாதமான பயிற்சியாக இருந்தாலும் அங்கீகாரம் இல்லையென்றால் புள்ளி கிடையாது.

ஐந்தாம் ஆண்டின் கடைசி மாதத்தில் எல்லாப் புள்ளியையும் அள்ளிவிடலாம் என்று இருக்காதீர்கள். வருடத்துக்குக் கொஞ்சம் என்று பிரித்துக்கொள்ளுங்கள், சான்றிதழ் வந்த அன்றே ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் போடுங்கள், முகவரியோ ஃபோன் எண்ணோ மின்னஞ்சலோ மாறினால் பதிவேட்டிலும் மாற்றுங்கள். பதிவு காலாவதியான நாளுக்கும் புதுப்பித்த நாளுக்கும் நடுவில் நீங்கள் கையெழுத்திட்ட ஒவ்வொரு அறிக்கையையும் எதிர்த்தரப்பு வக்கீல் கேள்வி கேட்க முடியும், அதனால் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பே ஃபோனில் ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.